மார்கழியில் தீர்ந்த பெட்ரோல்

அன்றைக்கு வாசலில் ஆட்டோவைச் சுற்றி நின்றவர்கள் இவர்கள்தான்: உன் புருஷன் சம்பத்து, அவனைப் பெற்ற நம் மாமியார் பச்சையம்மா, கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த உன் அப்பா கண்ணாயிரம், மெக்கானிக் ஏழுமலை, என் வீட்டுக்காரர். அவர் பேரை நான் சொல்லமாட்டேன், உனக்குத் தெரியும். அப்புறம் நீ, நான். மலை மேல் பனி இன்னும் விலகவில்லை. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று அத்தனை பேரும் திரும்பி வந்து என் கண் முன்னால் நின்றார்கள். ஆயில் வாசனைதான் கூட்டிக்கொண்டு வந்தது. என் பேரன் தினேஷ் பெங்களூரில் வேலை பார்க்கிறான் இல்லையா, பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அங்கே குளிர் வந்ததிலிருந்து மைலேஜ் கொடுக்கமாட்டேன் என்கிறதாம். என்னை டாக்டரிடம் காட்டிவிட்டு வரும் வழியில் ஏழுமலை கடையில் நிறுத்தினான். நான் பின் சீட்டில் இருந்தேன். ஏழுமலைக்குத் தலையெல்லாம் வெளுத்துவிட்டது. காருக்கு அடியில் தட்டை வைத்துப் பழைய ஆயிலை இறக்கினான். அந்த வாசனை பின் சீட்டு வரைக்கும் வந்தது.

"இன்னா தம்பி, இவ்ளோ கெட்டி ஆயில யாரு ஊத்தனது? காலைல குளுருல இது கஞ்சி மாதிரி நிக்கும். அத தள்றதுக்கே இஞ்சின் பெட்ரோல குடிச்சிடும். சிந்தெடிக் ஆயில் ஊத்திக்க. குளுருனாலும் தண்ணியா ஓடும்" என்றான்.

குளிர், ஆயில், பெட்ரோல். இந்த மூன்றையும் சேர்த்து ஒருவன் வாயால் கேட்க எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது, பார்.

சம்பத்துக்குக் கால் முறிந்து கம்பி வைத்த பிறகுதானே நீ ஆட்டோவைக் கையில் எடுத்தாய். பொழுது விடியும்போது மார்க்கெட்டிலிருந்து பூக்கூடை, அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்காரர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. கிலோமீட்டர் காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதனால் சம்பத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலை வைத்து உன்னை அளந்தான். காலையில் தன் கையால் ஊற்றுவான், நீ திரும்பி வந்ததும் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பான். கால்தான் போயிருந்தது, அதிகாரம் போகவில்லை.

மார்கழி பிறந்தது. நான் கோலம் போடும்போது நீ வண்டியை எடுக்க வருவாய். ஸ்டார்ட் கம்பியை இழுப்பாய், அது இருமும், அடங்கும். மறுபடி இழுப்பாய். உயிர் வந்ததும் உடனே கிளம்பமாட்டாய். சூடு ஏறட்டும் என்று நின்ற இடத்திலேயே ஓடவிடுவாய். பின்பக்கம் போய் இஞ்சின் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு, "அக்கா, இதுவும் உன்ன மாதிரிதான். காபி ஊத்தினாதான் எழுந்திருக்குது" என்பாய். நான் கோலமாவை உன் மேல் தூவுவேன்.

நீ சம்பத்திடம் கேட்டாய். எனக்குக் காதில் விழுந்தது. "ஏழுமல அண்ணன் புது ஆயில் ஒண்ணு சொன்னாரு. குளுருக்கு நல்லதாம். ஒரு தபா ஊத்திப் பாக்கலாமா?" அதற்கு அவன், "ஆட்டோவுக்கு அபிஷேகமா பண்றோம்? இருக்கறத ஊத்து, போதும்" என்றான்.

அந்த மாசத்தில்தான் பெட்ரோல் சீக்கிரம் தீர ஆரம்பித்தது.

வாசலில் எல்லாரையும் நிற்கவைத்து சம்பத்து கேட்டான்: "புரட்டாசில பொழுது சாயற வரைக்கும் வந்த பெட்ரோலு இப்ப மத்தியானமே தீந்துடுது. ஊத்தறது அதே. ஓடற வழியும் அதே. அப்ப எவன பாக்கப் போறா இவ? கேளுங்க மாமா, உங்க பொண்ண."

உன் அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் வாயைத் திறந்தேன். "வண்டி காலையில இருமுது. குளுரு அதுக்கு ஒத்துக்கல. தெனமும் என் காதால கேக்கறேன்" என்றேன்.

ஏழுமலை சிரித்தான். "இன்னா அண்ணி, ஆட்டோவுக்கு ஜலதோஷமா? சுக்குக் காபி போட்டுக் குடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா கூடச் சிரித்தார். என் வீட்டுக்காரர், "நீ உள்ள போ" என்றார். நான் போகவில்லை.

சம்பத்து ஏழுமலை பக்கம் திரும்பி, "வண்டில எதனா கோளாறு இருக்குதா, சொல்லு" என்றான்.

"என் கை பட்ட வண்டிண்ணா. ஒரு குத்தமும் இல்ல."

அவ்வளவுதான். வண்டியில் குற்றம் இல்லை என்றால் அப்புறம் யாரிடம் இருக்கும்? மாமியார் உள்ளே போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்தாள். "அண்ணாமலையார் மேல சத்தியம் பண்ணி அணைச்சிடுடி. இதோட முடிஞ்சிபோவட்டும்" என்றாள்.

நீ மலையைப் பார்த்தாய். "பெட்ரோலுக்கெல்லாம் அவர கூப்புட மாட்டேன் அத்த" என்றாய். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து எரிகிற கற்பூரத்துக்குப் பக்கத்தில் தட்டில் வைத்தாய். உன் அப்பாவோடு பஸ் ஏறிப் போய்விட்டாய். அதற்கப்புறம் நீ எந்த வண்டியும் ஓட்டவில்லை. மல்லாட்டை மில்லில் கடலை உடைக்கக் கூலிக்குப் போனாய். நான் பார்க்க வரும்போதெல்லாம் தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் உன் தலை தானாகத் திரும்பும். "இதுக்கு பிளக்கு போயிடுச்சு அக்கா" என்பாய். அந்த மார்கழியைப் பற்றி நான் கேட்டதே இல்லை. போன ஐப்பசியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இனிமேல் கேட்கவும் முடியாது.

நேற்று காரை விட்டு இறங்கி நேராக ஏழுமலை முன்னால் போய் நின்றேன். "இப்ப தம்பிகிட்ட சொன்னியே, அது அன்னிக்கே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"தெரியும் அண்ணி. ஆனா நம்ம ஊரு குளுரு இன்னா குளுரு? மைலேஜு கொஞ்சந்தான் கொறையும். அவ்ளோலாம் கொறையாது. வண்டி சரியில்லன்னு நானே சொன்னா, நாளைக்கு எவன் என்கிட்ட வண்டி விடுவான்? குடும்ப விஷயம் வேற. டீ சொல்லட்டுமா?"

டீ வந்தது. ஆடை கட்டும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

குளிரில் பெட்ரோல் செலவு எவ்வளவு ஏறும் என்று காரில் தினேஷைக் கேட்டேன். அவன் போனில் தேடிப் பார்த்தான். "ஐஸ் கொட்ற ஊர்லதான் ஆயா ஜாஸ்தி. நம்ம ஊர்ல கொஞ்சம்தான். ஆனா சும்மா நிக்கவெச்சு ஓடவிட்டா ஏறும். சூடு ஏறதுக்குள்ள நிறுத்தி நிறுத்தி ஓட்டினா ஏறும். டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் ஏறும்" என்றான். "எல்லாம் சேந்தா?" என்றேன். "அது வண்டிய பாத்தாதான் தெரியும் ஆயா." அந்த வண்டியை எங்கே போய்ப் பார்ப்பது?

ராத்திரியிலிருந்து மனசுக்குள் கூட்டிக்கொண்டிருக்கிறேன். குளிருக்குக் கொஞ்சம், கஞ்சி ஆயிலுக்குக் கொஞ்சம், வாசலில் நின்றபடி ஓடியதற்குக் கொஞ்சம், டயருக்குக் கொஞ்சம். ஒரு தரம் கூட்டினால் சரியாக வருகிறது. இன்னொரு தரம் கூட்டினால் ஏதோ மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சத்தில் நீ எங்கே போனாய்? ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போனபோது, நீ செங்கம் ரோட்டுப் பக்கமிருந்து காலி வண்டியோடு வந்ததைப் பார்த்தேன். பூக்கூடை இல்லை, ஆள் இல்லை. அந்த மாதிரி முகத்தோடு உன்னை நான் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரையாவது பார்த்துவிட்டு வந்தாயா, இல்லை சும்மா மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தாயா? நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் கூட. தப்பாக எதுவும் இருந்திருக்காது என்று ஒரு சமயம் தோன்றுகிறது. இருந்திருந்தால்தான் என்ன என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. இந்த வயசில் இப்படிக் குழம்புவேன் என்று நினைக்கவே இல்லை.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் காதுதான். மார்கழிக் காலையில் கோலப்பொடியோடு குனிந்திருக்கும்போது தெருக்கோடியில் எந்த ஆட்டோ இருமினாலும் கை நின்றுவிடுகிறது. சூடு ஏறட்டும், அவசரப்படுத்தாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். அது கிளம்பிப் போன பிறகுதான் அடுத்த புள்ளி வைக்கிறேன்.

வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். குளிரில் வண்டி பெட்ரோல் குடிக்கும் என்று மாமியாருக்குத் தெரியாது. கடைசிக் காலத்தில் என் கையால்தான் கஞ்சி குடித்தாள், விட்டுவிட்டேன். என்னை உள்ளே போகச் சொன்னவருக்கும் தெரியாது. அப்படிச் சொன்னதற்கு அவர் வீட்டிலேயே வேண்டிய அளவு அனுபவித்துவிட்டுத்தான் போனார். உன் அப்பா சிரித்தது பயத்தில். சம்பத்து உன் சாவு வீட்டுக்குக் காலை இழுத்துக்கொண்டு வந்து, உள்ளே வரத் தைரியமில்லாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனுக்கும் தெரியாது. தெரியாதவர்களை வைது வைது எனக்கும் வாய் ஓய்ந்துவிட்டது.

தெரிந்தவன் ஒருத்தன்தான். கொஞ்சந்தான் குறையும் என்கிறான். அந்தக் கொஞ்சத்தை அன்றைக்குச் சொல்லியிருந்தால் சாவி உன் இடுப்பிலேயே இருந்திருக்கும். மெக்கானிக் ஏழுமலையை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன்.