வேனில் தொங்கும் சிவப்புச் சிலிண்டர்

மாமா,

பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, உங்களை எழுப்பவில்லை. சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. தீயணைக்கும் சிலிண்டரில் மறுபடி பவுடர் நிரப்ப மதுரைக்குப் போகிறேன். அது வரும்வரை உங்கள் வேன் வீட்டுக்குள் ஸ்டவ் பற்றவைக்கக் கூடாது. உங்களை நம்பாமல்தான் வேன் சாவியைக் கையோடு கொண்டுபோகிறேன்.

ஆயுத பூசையன்று ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்த கையோடு சிலிண்டரின் குழாய் வாயிலும் சந்தனத்தை அப்பினீர்கள். அது காய்ந்து அடைத்துக்கொண்டது. நான் ஊக்கால் சுரண்டியதைப் பார்த்து, "சாமிக்கு வச்சதச் சுரண்டுறியே, புத்தகம் படிச்சா புத்தி இப்படித்தான் போகுமா?" என்றீர்கள். அதோடு பேச்சை நிறுத்தினீர்கள். புருஷன் பேசாதது எனக்குத் தண்டனையே இல்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு நாம் போன நாளெல்லாம் வேனுக்குள் படுத்து நிம்மதியாகப் படித்தேன்.

நேற்று போடிமெட்டில் ஸ்டவ் குப்பென்று எரிந்து திரைச்சீலை பற்றியபோதுதான் வாயைத் திறந்தீர்கள்.

"வெளிய வாடி, வண்டி போனாப் போகுது."

நான் வரவில்லை. சிலிண்டரின் பூட்டு ஊசியை உருவிக் கைப்பிடியை அழுத்தினேன். ஒரே சீறலில் தீ அடங்கியது. நீங்கள் இழைத்துச் செய்த கட்டிலில் கரிகூடப் படவில்லை. என்னை இழுக்க உள்ளே ஏறிய நீங்கள்தான் தலை முதல் கால் வரை வெள்ளையாகிப்போனீர்கள். மலை இறங்கும்வரை சிரிப்பை அடக்கியிருந்தேன். இப்போது அடக்கவில்லை.

அன்னக்கொடி

பி.கு.: நீங்கள் ஆசையாகக் கட்டிய வண்டியை எனக்காகப் போனாப் போகுது என்றீர்களே, அதை மறக்கமாட்டேன்.

அடுத்த பூசைக்குச் சந்தனத்தைச் சிலிண்டரின் வயிற்றில் வையுங்கள். வாயில் வேண்டாம்.