இருபத்தொன்பதரை நாள்

மார்ச் 12, வியாழன்

காலை எட்டரைக்கு மகள் மருந்துக்கடைக்கும் மாப்பிள்ளை பஸ் டிப்போவுக்கும் கிளம்பினார்கள். வெளியே பூட்டு. ஒரு மணிக்கு எதிர்வீட்டுத் தையல்காரம்மா தன்னிடமுள்ள சாவியால் திறந்து, "சாப்பிட்டீங்களா சார்? மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பூட்டினார். ஏழு மணிக்கு மகள். ஐந்து வாரமாக இதுதான் கால அட்டவணை. முப்பத்து நான்கு வருடம் பூகோளம் நடத்தியவன், இப்போது இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள கண்டத்தில் வசிக்கிறேன்.

எல்லாம் ஒரு மாலைப் பொழுதால் வந்தது. பழைய கோட்டையின் காவற்கோபுரத்துக்குப் பின்னால் முழுநிலவு எழுவதைப் படம்பிடிக்க, பிப்ரவரியில் கேமராவோடு ஆற்றுப்பாலத்துக்குப் போனேன். போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நிலவு வரவில்லை, அடிவானத்தில் மேகம் இருந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம் நின்றிருந்தேன். மகள் அழுதுகொண்டே தேடி வந்தாள்.

"என்னப்பா பண்றீங்க இங்க?"

"நிலாவுக்காக நிக்கிறேன்."

அந்தப் பதில்தான் என்னைக் கெடுத்தது. வழி மறந்து நின்றவன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி ஞாபகப் பரிசோதனை. அதற்குப் பிறகு முதியோர் இல்லம் என்று மாப்பிள்ளை சமையலறையில் மெதுவாகப் பேசுகிறார். காது மட்டும் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

பாலத்துக்குப் போக விடச் சொல்லி மறுபடி கேட்டுப் பார்த்தேன்.

"நிலா எங்க மாமா போயிடப் போகுது? மொட்டை மாடியிலேருந்து பாத்தா ஆகாதா?" என்றார் மாப்பிள்ளை.

"மாடியிலேருந்து பாத்தா தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் மாப்ள வரும்."

"தொட்டியும் கோபுரம் மாதிரிதான் நிக்குது. டேங்கர்காரனுக்கு அதுதான் கோட்டை!"

மகள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்தக் கதவையாவது நான் சாத்தலாம்.

மார்ச் 19, வியாழன்

என் ஜன்னல் மேற்கே பார்க்கிறது. நிலவு எழும் பக்கமே எனக்குக் கிடையாது. ஆனால் முழுநிலவு சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது. ஆகவே சூரியன் இறங்கும்போது ஜன்னல் கம்பியின் நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, அந்தப் பக்கம்தான் நிலவு ஏறும். நிழலின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அடுத்த முழுநிலவு ஏப்ரல் ஒன்று. தினம் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனால் அன்றைய திசையை முன்கூட்டியே கணித்துவிடலாம்.

தூரம் சுலபம். சட்டைப் பொத்தானை ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் வைத்தால் நிலவைச் சரியாக மூடும். எந்தப் பொருளானாலும் அதன் அகலத்தைப் போல நூற்றுப்பத்து மடங்கு தள்ளி நின்றால் போதும். கோபுரத்தின் குவிமாடம் ஆறு மீட்டர். அறுநூற்று அறுபது மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வரைபடத்தில் அளந்தேன். பாலமேதான்.

மார்ச் 24, செவ்வாய்

மேகம். இன்று கோடு இல்லை.

மார்ச் 28, சனி

கோடுகள் நகரும் அளவை வைத்து ஒன்றாம் தேதியின் திசையைக் கணித்துவிட்டேன். மகளை உட்காரவைத்துச் சொன்னேன்: "ஒண்ணாம் தேதி சாயங்காலம் ஒரு மணி நேரம் என்கூட வா. பாலத்துல ஏழாவது விளக்குக் கம்பம். கோபுரத்துக்குப் பின்னாடி நிலா வரும். வரலன்னா நீங்க சொல்ற இல்லத்துக்கே போறேன், வாயத் திறக்க மாட்டேன்."

"என்னப்பா, பந்தயமா?"

"பரீட்சைம்மா. இத்தனை வருஷம் வச்சேன், ஒரு தடவை எழுதிப் பாக்கறேன்."

சரி என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

 

ஏழாவது கம்பத்தில் நின்றோம். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மகள் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். திடீரென்று, "அப்பா, அங்க பாருங்க!" என்றாள். நிலவு வந்துவிட்டது, ஆனால் கோபுரத்துக்கு வலப்பக்கம், நன்றாகத் தள்ளி. நிலவின் பாதை கொஞ்சம் சாய்ந்தது என்று வருடாவருடம் பாடம் நடத்திவிட்டு, அதையே கணக்கில் விட்டிருக்கிறேன்.

"இடது பக்கம் நட! வேகமா!"

அவள் கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நான் பின்னால். அறுபது, எழுபது அடி வைத்திருப்போம். நாங்கள் நடக்க நடக்க, கோபுரம் மெல்ல நகர்ந்து நிலவின் முன்னால் போய் நின்றது. குவிமாடம் கருப்பாக, சுற்றிலும் ஒரு செம்மஞ்சள் விளிம்பு. பதினொரு படம். மகள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

"அன்னிக்கும் இதுக்குத்தானே வந்தீங்க. நான்தான் நம்பல." மகள் சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கினாள். மாப்பிள்ளை படத்தைத் தன் போனில் வைத்துக்கொண்டு டிப்போ முழுக்கக் காட்டுகிறாராம். "எங்க மாமா கணக்குப் போட்டா நிலாவே க்யூவுல வந்து நிக்கும்!"

தனியாகக் கடைவீதி வரை போய் வந்தேன். தையல்காரம்மா வாசலில் நின்று கை தட்டினார்.

ஏப்ரல் 4, சனி

அடுத்தடுத்த முழுநிலவு நாட்களைப் பட்டியல் போட்டேன். இருபத்தொன்பதரை நாளுக்கு ஒன்று. கழித்தலைச் சரிபார்க்கக் கூட்டிப் பார் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அந்தப் பழக்கத்தில் பின்னோக்கியும் எண்ணினேன். இரண்டு சுற்றுக்கு ஐம்பத்தொன்பது நாள். பிப்ரவரி ஒன்று, ஞாயிறு.

இந்த நோட்டிலேயே முன்பக்கம் புரட்டினேன். பிப்ரவரி 6, வெள்ளி. என் கையெழுத்து: "இன்று முழுநிலவு. நாட்காட்டியில் இரண்டு முறை பார்த்துவிட்டேன். பாலத்துக்குப் போகிறேன்."

ஐந்து நாள் தாமதம். அன்று நிலவு எழவே பத்து மணிக்கு மேல் ஆகியிருக்கும், அதுவும் தேய்ந்த நிலவு. மேகம் இல்லை. மேகம் இருந்ததே இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. இந்த நோட்டை யாரும் படிக்கறதில்ல. அஞ்சு நாள்தானே, யாருக்கும் வர்ற தப்புதானே — இல்ல. மூணு மணி நேரம் நின்னேனே. நடுவுல ஒரு தடவைகூட எனக்குச் சந்தேகம் வரலையே. எனக்கு!

அன்று வேறு எதை இரண்டு முறை பார்த்தேன்?

ஏப்ரல் 6, திங்கள்

வெளியே போகவில்லை. சாவி சட்டைப்பையில்தான் இருந்தது.

ஏப்ரல் 7, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகளிடம் அந்தப் பக்கத்தை நீட்டினேன். பட்டியலையும் பக்கத்தில் வைத்து, வகுப்பில் விளக்குவதுபோலவே நாட்களை எண்ணிக் காட்டினேன். அவளும் விரல் விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதேப்பா."

"பத்தாம் தேதி டாக்டர் கேக்கறப்ப நீதான பக்கத்துல இருப்ப. உனக்குத் தெரியாம அவர் என்னத்தக் கண்டுபிடிப்பார்?"

ஏப்ரல் 9, வியாழன்

எட்டரை மணி. மாப்பிள்ளை முன்னால் இறங்கிவிட்டார். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கதவைச் சாத்தவுமில்லை, போகவுமில்லை.

சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"பூட்டிட்டுப் போ பாப்பா."

கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கம் அவள் செருப்பு அசைவது கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு சாவி திரும்பியது.