பெயர் வைக்கிற உபதேசியார்

1908 பெப்ருவரி 11, செவ்வாய்

இன்று கஞ்சிப் பானைக்கும் பெயர் வந்துவிட்டது. சாத்ராக், வேதத்தில் அக்கினிச் சூளையில் போட்டும் வேகாதவர். அடுப்பு சரிந்து, தீக்குள்ளே உருண்டும் உடையவில்லையாம். நான் கையைச் சுட்டுக்கொண்டு பானையை நிமிர்த்துகிறேன், இவர் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறார்.

இந்த ஊருக்கு உபதேசியாராய் வந்த நாள் முதல் என் வீட்டுக்காரர் எலியேசருக்கு இதே வேலை. கர்த்தர் ஒரு நன்மை செய்தால் அதன்மேல் வேதத்திலிருந்து ஒரு பெயரை ஒட்டிவிட வேண்டும். மூன்றாவது இடத்தில் தோண்டி ஊற்றுக் கண்ட கிணறு ரெகொபோத். காணிக்கையாய் வந்த ஆடு எபெனேசர். கீரி வாயிலிருந்து தப்பிய பெட்டைக்கோழி, சிங்கக் குகையில் தப்பியவர் பெயரில் தானியேல்.

“மனுசனுக்கு நன்மை மறந்து போகும், சாலோமி. பேரு வச்சுட்டா கூப்பிடுதப்பல்லாம் ஞாபகம் வரும்லா” என்கிறார்.

சரி, என் கை சுட்டதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். எண்ணெய் எடுக்கப் போய்விட்டார்.

பெப்ருவரி 20, வியாழன்

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சொர்ணாம்பாள் அக்கா மோர் கொண்டுவந்தார். “முட்டை போடுத கோழியப் போயி தானியேலுங்காரே உன் வீட்டுக்காரரு. எங்க திருச்செந்தூரானுக்குக்கூட இம்புட்டுப் பேரு கெடையாதுட்டி” என்று சிரித்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்து, “இதுக்கு என்ன பேரு வச்சிருக்காரு?” என்றார்.

காயப்போட்ட மிளகாயை அள்ள வேண்டும் என்று எழுந்து போனேன்.

ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு பேர் பிறந்த அன்றே போய்விட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் வேம்படியில் கிடக்கிறார்கள். கோழிக்குப் பெயர் வைத்த மனிதர் அவர்களுக்கு வைக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

சிரித்துச் சிரித்து விலா நோகிறது.

நேற்று ஜெபக்கூட்டத்தில் இவர் எழுந்து, “நம்ம தானியேலுக்கு ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல, கண்ணு தொறக்கல, எல்லாரும் வேண்டிக்கிடுங்க” என்றார். சபையார் முழங்காலில் நின்று உருகி ஜெபித்தார்கள். இன்று காலை வேதமுத்து அண்ணாச்சி தலைமையில் ஒரு கூட்டமே நொய்க்கஞ்சியும் துவையலுமாக வாசலில். “சீக்காளி எங்கன படுத்திருக்காரு?”

நான் பஞ்சாரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

அண்ணாச்சி குனிந்து கோழியைப் பார்த்தார். கோழியும் அவரைப் பார்த்தது. “உபதேசியாரே, இதுக்காவா நான் கண்ணீர் விட்டேன்?”

“கர்த்தர் கேட்டுட்டாரே அண்ணாச்சி. விடியக்காலம் கேப்பை கொத்திச்சு.”

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கஞ்சியை நான் குடித்தேன். துவையல் நல்ல காரம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

காலையிலிருந்து வயிற்றில் அசைவில்லை. மருத்துவச்சி சுடலைவடிவு வந்து தொட்டுப் பார்த்து, “தூங்குது” என்றாள். போன பிள்ளைக்கும் இப்படித்தான் சொன்னாள் — அப்போதும் தூங்குது என்றுதானே சொன்னாள்?

இவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு, “எபெனேசரு, வாலே” என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பானைக்கு வச்சீங்க, ஆட்டுக்கு வச்சீங்க. மண்ணுக்குள்ள வச்சோமே ரெண்டு, அதுக என்ன பேரு? அதுக கர்த்தர் தந்ததில்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் இறைக்கவில்லை. திரும்பி வந்து, “பேரு வச்சா கூப்பிடணும், சாலோமி. கூப்பிட்டா யாரு வருவா?” என்றார்.

இத்தனை நாளும் இவர் மறந்துபோனார் என்று நினைத்திருந்தேன். என்ன பெண் நான்.

சாயங்காலம் பிள்ளை ஓங்கி ஓர் உதை விட்டது.

ஜூலை 2, வியாழன்

பெண். நான் இருக்கிறேன். அவள் அழுகிறாள். ஊரே கேட்க அழுகிறாள். ஸ்தோத்திரம்.

ஜூலை 15, புதன்

இவர் பிள்ளையைக் கீழே விடுவதில்லை. ஆனால் ‘இது அழுவுது’, ‘இது சிரிக்குது’ என்கிறாரே தவிர, ஒரு பெயரும் வாயில் வரவில்லை. கஞ்சிப் பானைக்கு உள்ள மரியாதைகூட என் மகளுக்கு இல்லை. நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தப் பயம்தான்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

ஞானஸ்நானம். பாளையங்கோட்டையிலிருந்து வந்த பாதிரி ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு பெயர் கேட்டார். இவர் வாயைத் திறந்தார், மூடினார். பின்னாலிருந்து வேதமுத்து அண்ணாச்சி, “பைய யோசிக்கட்டும் ஐயா. கோழின்னா உடனே சொல்லிருவாரு” என்றார். ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்புக்குள்ளே இவர், “பியூலா” என்றார். ‘இனிக் கைவிடப்பட்டவள் என்னப்படாய்’ என்கிற வசனத்தில் வரும் பெயர். தண்ணீர் பட்டதும் பியூலா தும்மினாள்.

ஆராதனை முடிந்து வீட்டுக்குத் திரும்புவார் என்று பார்த்தால், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். நானும் பின்னாலே போனேன். வேம்படியில் உட்கார்ந்தோம். பிறகு இவர் மண்ணைத் தொட்டு, “மூத்தவன் யோனத்தான், கர்த்தர் தந்தவன். இளையவ தபீத்தாள், செத்தும் பேரு சொல்லிக் கூப்பிட்டதும் எழும்பினவ” என்றார். ஒவ்வொருவரையும் ஒரு தரம் கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன். இருவரும் அழுதோம். அழுகை ஓய்ந்ததும் ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு நாக்கு வந்தது.

திரும்பும் வழியில் சொர்ணாம்பாள் அக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஏட்டி, பிள்ளைக்கு என்ன பேரு வச்சிய?” என்று கேட்டார்.

“எனக்கு மூணு பிள்ளை, அக்கா” என்றேன். மூத்தவனிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.