உன் அப்பாவின் இடுப்பளவு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை, உன் அப்பா அதற்கு வழி விடவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், போனில் வைத்தியம் சொல்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே.

அப்பா ஆஸ்துமாவுக்கு இழுக்கிற இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது, சுகரை ஏற்றிவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டு நீ சொன்னாலும் சொன்னாய், மறுநாளே அதை நம் தையல்கடையில் பித்தான் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டார். நீ சொன்னால் வேதவாக்கு, நான் கத்தினால் மிஷின் சத்தம். சுகருக்குப் பயந்து மருந்தை விட்ட மகானுபாவர், சர்க்கரை தூக்கலாக டீ குடிப்பதை மட்டும் விடவில்லை. போன வாரம் இழுப்பு வந்து வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றவரை, நானும் பக்கத்துச் சலவைக்கடைக்காரரும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஸ்டீராய்டு மாத்திரையே கொடுக்க வேண்டியதாயிற்று, சுகர் எகிறிவிட்டது. நெஞ்சோடு நிற்கிற துளி மருந்து வேண்டாமென்று, உடம்பு முழுக்கப் போகிறதை வாங்கிக்கொண்டார், என்ன சாமர்த்தியம் பார்.

அதன் பிறகு நடந்த கூத்தைக் கேள். சுகர், பிரஷர், கொழுப்பு, தொப்பை எல்லாம் கூட்டாளிகள், வயிறு மேலே அமுக்குவதாலும் மூச்சு முட்டும் என்று சொல்லி, டாக்டரம்மா நர்சிடம் இடுப்பை அளக்கச் சொன்னார். ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவருக்கு டேப்பைக் கண்டதும் ரோஷம் வந்துவிட்டது, வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் டேப்பைச் சுற்றி முடிப்பதற்குள் இருமல் பிய்த்துக்கொண்டு வந்து, பேண்ட் பித்தான் தெறித்து டாக்டரம்மா மேசையில் விழுந்தது. வருஷாவருஷம் பேண்டைத் தானே பிரித்து அகலமாக்கிக்கொண்டு, கல்யாணத்தன்று இருந்த அதே அளவு என்று பீற்றிக்கொண்டவரின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. நான் சிரித்தேன். பிறகு அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்ததும் சிரிப்பை விட்டு முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவர் இல்லாத வீட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அதே இன்ஹேலரைத் தினமும் இழுக்கணும், இழுத்ததும் வாயைக் கொப்பளிக்கணும், மூச்சு தேறியதும் மெதுவாக நடக்கணும், டீயில் சர்க்கரை கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். மகனைக் கேட்டுச் சொல்றேன் என்று எழுந்து வந்துவிட்டார் உன் அப்பா. இன்ஹேலர் இன்னும் டப்பாவுக்குள்தான் கிடக்கிறது.

நீ நன்றாக இரு, நீண்ட நாள் இரு, உன் இடுப்பையும் எக்காமல் அளந்து பார். இதைப் படித்ததும் போன் பண்ணு, எனக்கல்ல, அவருக்கு. நீ மூட வைத்த டப்பாவை நீதான் திறக்க வைக்க வேண்டும். இதை எழுதும்போதும் கடையில் மிஷின் ஓடுகிறது. நடுநடுவே நிற்கிறது. நூல் அறுந்து நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் போனை அவரைவிட அதிகமாக எதிர்பார்க்கும்
அம்மா