அட்டையில் போட மறுத்த சொல்

கூரியரில் வந்த புத்தகத்தைப் பிரித்ததும் புதுப் பசை வாசம் மூக்கில் ஏறியது. அட்டையைப் பார்த்தேன். உம்முடைய பெலாரஸ்காரர் எழுதிய நாவல்தான். தமிழாக்கம் வேறு யாரோ. தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ரஷ்ய நாவல்'.

அந்தச் சொல்லுக்கு நீர் தலையாட்டியிருந்தால், பதினைந்து வருஷத்துக்கு முன்பே இது உம் பேரில் வந்திருக்கும் ஓய்.

புனே பக்கம் பிம்ப்ரியில் நாம் வேலை பார்த்த தொழிற்சாலை உம்மைப் பயிற்சிக்கு, அப்போது சோவியத்தில் இருந்த பெலாரஸின் மின்ஸ்க் நகரத்துக்கு அனுப்பியது. கூட வந்தவர்கள் கேமராவும் கம்பளிக் கோட்டும் வாங்கி வந்தார்கள். நீர் ஒரு பாஷையைக் கற்றுக்கொண்டு, ஒரு நாவலாசிரியரைத் தூக்கிக்கொண்டு வந்தீர். அப்புறம் கம்பெனி பஸ்ஸில் தினமும் அவர் புராணம்தான். மீசை முளைக்கும் வயதில் போருக்குப் போனவர். திரும்பி வந்து பதக்கங்களைப் பற்றி எழுதவில்லை, பயந்து செத்த பையன்களைப் பற்றி எழுதினார். அதிகாரிகள் பக்கம் பக்கமாக வெட்டினார்கள். ரஷ்ய மொழியில் எழுதினால் பேரும் வசதியும் வரும் என்றார்கள். மனுஷர் தன் ஊர்ப் பாஷையை விடவில்லை.

நீர் ஷிப்ட் முடிந்து எழுதி எழுதியே இந்த நாவலை முழுசாகத் தமிழில் முடித்தீர். சோவியத் உடைந்து போயிருந்த நேரம். ஆனாலும் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை, அட்டையில் 'ரஷ்ய நாவல்' என்று இருக்க வேண்டும். பெலாரஸ் என்றால் எவனுக்குத் தெரியும் என்று கேட்டார். நியாயம்தானே?

கேன்டீனில் வடாபாவை வைத்துக்கொண்டு சண்டை போட்டேன். "ரஷ்யான்னு போட்டா என்னவே குடிமுழுகிப் போச்சு?"

"அதை ஒத்துக்கிட்டிருந்தா அந்த மனுசன் மாஸ்கோவுல ராசாவா இருந்திருப்பாரு. அவரு வேண்டாம்னதை நான் எப்படிவே அவரு தலையில ஒட்டுவேன்?"

"வறட்டுப் பிடிவாதம்!"

"இருக்கட்டும்வே" என்று மிளகாயைக் கடித்தீர். அதோடு போயிற்று புத்தகம்.

முதுமையில் அந்த நாவலாசிரியர் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. அவர் இறந்த செய்தி இங்கிலீஷ் பேப்பரில் நாலு வரி வந்தது. அதிலும் 'ரஷ்ய எழுத்தாளர்'. அதை என் முன்னால் போட்டுவிட்டு எழுந்து போனீர். அடுத்த வருஷம் நீரும் போய்விட்டீர். தமிழ் வாசிக்கத் தெரியாத உம் மகன் நீர் தமிழில் எழுதிவைத்த தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, இது எதுக்காச்சும் ஆகுமா? ரத்திக்குப் போட்டுரவா?" என்று கேட்டான். பழைய பேப்பர்காரனுக்கு! பிடுங்கி வைத்துக்கொண்டேன். யார் அதை அச்சில் போடப் போகிறார்கள் இனி? அதான் இன்னொன்று வந்துவிட்டதே.

இன்று சாயங்காலம் கேட்டில் புது வாட்ச்மேன், "மதராசி ஹோ நா, அங்கிள்?" என்றான். நாற்பது வருஷமாக இந்தக் கேள்விக்குத் தலையாட்டி வந்தவன் நான். இன்று என்னவோ, "நை, தமிழ்" என்றேன். "ஏக் ஹி தோ ஹை" என்றான், எல்லாம் ஒன்றுதானே என்று. சொல்லிவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நல்ல பையன்.

மாடி ஏறி வந்து அந்த அட்டையை மறுபடி பார்த்தேன். உம்மேல் இருந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது ஓய். ஆனால் அதை உம்மேல் போட முடியவில்லை, இறக்கி வைக்க வேறு இடமும் தெரியவில்லை.