ஊறிப்போன டியூப்

மார்ச் 3

தையல்காரம்மாவின் மொபெட் மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறது. சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகிறதாம், நிறுத்தி வைத்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதாம். போன வாரம்தான் கழற்றிக் கழுவி, கசிவை அடைக்கிற ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்குப் பிரித்தால் அந்த ரப்பர் ஊறவைத்த கடலை மாதிரி உப்பிக் கிடக்கிறது.

அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர்தான் உள்ளறைக் கட்டிலிலிருந்து ஒர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவ கை அப்படிம்மா. கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல. நான் எழுந்து நடமாடினா உங்களுக்கு இந்தக் கஷ்டம் வருமா?"

முதுகெலும்பு உடைந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. வாய் மட்டும் தெரு முழுக்க நடமாடுகிறது.

மார்ச் 6

இன்று நான்கு வண்டி. எல்லாம் பழசு, எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. புது வண்டிக்காரன் எவனும் வரவில்லை. நான் எங்கே தப்பு செய்கிறேன்? இவர் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்லத்தானே தொழிலைக் கற்றுக்கொண்டேன். கழற்று என்றதைக் கழற்றுகிறேன், மாட்டு என்றதை மாட்டுகிறேன்.

மார்ச் 9

தம்பியை வரச் சொல்லிவிட்டாராம். முதுகைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன், அப்போது சொல்கிறார்: "ஒண்ணாம் தேதியிலேர்ந்து அவன் பாத்துப்பான். நீ அடுப்படியைப் பாரு. பேரைக் கெடுத்தது போதும்."

என் கொழுந்தன் நேற்று வரை செல்போன் கவர் விற்றவன். ஸ்பேனரில் எது எந்தப் பக்கம் என்று தெரியாது. இரண்டு வருஷமாக இந்த வீட்டில் உலை கொதிப்பது கிரீஸ் ஏறிய இந்த நகங்களால். ஒர்க்‌ஷாப் போய்விட்டால் எனக்கு மிச்சம் இவருடைய பெட்பேன் ஒன்றுதான். அதற்காகவா என்னைப் பெற்றார்கள்?

மார்ச் 10

முதுகு துடைக்கிற ஈரத்துணியை அப்படியே அவர் முகத்தில் போட்டு அழுத்தலாமா என்று தோன்றியது. அழுத்தவில்லை. தோன்றியதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

மார்ச் 14

உதிரிபாகக் கடைக்குப் போய் இரண்டு டஜன் ரப்பர் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இன்னுமா பழைய ரப்பரையே போடறீங்க? பங்க்ல இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்கம்மா. சாராயம் மாதிரி ஒண்ணு. பழைய வண்டி ரப்பர் அதைத் தாங்காது. முதல்ல ஊறும், அப்புறம் பெட்ரோல் போற டியூபே வெடிச்சு ஒழுகும். அதுக்குத் தாங்கற மாதிரி புதுசு வந்திருக்கு."

"இதை எங்களுக்கு யாரு சொன்னா?"

"உங்க வீட்டுக்காரர்கிட்ட ஜனவரியிலேயே போன்ல சொன்னேனே. இப்ப வேணாம், தம்பி வந்து கடையை எடுத்ததும் வாங்கிக்கறேன்னாரு."

ஜனவரியிலேயே. பாவி... நான் சேலையெல்லாம் பெட்ரோலா முழங்கால் போட்டு உக்காந்து கழட்டிக் கழட்டி மாட்டறேன், இவரு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்காரு. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் என் கையைக் குறை சொல்லிக்கிட்டு. நான் நாலு காசு சம்பாதிக்கறது அவ்வளவு எரியுதா?

கடையில் இருந்த புது ரப்பரையும் டியூபையும் மொத்தமாக வாங்கி வந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 20

சோதித்தும் பார்த்துவிட்டேன். ஒரு பாட்டில் பெட்ரோலில் பழைய ரப்பர், இன்னொன்றில் புதிது. பழசு உப்பி, அதற்குரிய பள்ளத்தில் உட்கார மறுக்கிறது. புதிது போட்டபடி இருக்கிறது.

இதை இப்போதே சொன்னால் என்ன ஆகும்? கொழுந்தன் வந்து புது ரப்பரை மாட்டுவான், வண்டி ஓடும், அண்ணனும் தம்பியும் பேர் வாங்கிக்கொள்வார்கள். சொல்ல மாட்டேன். ஒரு மாதம் அவன் கையையும் ஊர் பார்க்கட்டும்.

ஏப்ரல் 1

வந்துவிட்டான், கறுப்புக் கண்ணாடியும் தானுமாக. "அண்ணி, ரப்பரெல்லாம் எங்க இருக்கு?" பழைய டப்பாவைக் காட்டினேன்.

ஏப்ரல் 9

தையல்காரம்மா மறுபடியும். கொழுந்தன் விசிலடித்துக்கொண்டே கார்புரேட்டரை மாட்டினான். பெட்ரோல் டியூபைத் தொடவேயில்லை. அது கொழகொழவென்று ஆகி, வளைகிற இடத்தில் கீறல் விட்டிருந்தது அடுப்படி ஜன்னலிலிருந்தே தெரிந்தது.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் வந்தார். "நீங்க ஏம்மா இப்ப பாக்கறதில்ல? நீங்களே பாத்திருக்கலாமே."

வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து குரல்: "என் தம்பி கை பட்டாச்சில்ல, இனிமே வண்டி குதிரை மாதிரி ஓடும் பாருங்க."

வாயை மூடிக்கொண்டேன். இன்னும் இரண்டு தடவை ஒழுகட்டும். பெட்ரோல்தானே, ஒழுகினால் என்ன.

ஏப்ரல் 17

கடைத்தெருவில் மொபெட் தீப்பிடித்துவிட்டது. டியூப் விட்டுப்போய்ச் சூடான இன்ஜின் மேல் ஒழுகியிருக்கிறது. ஆட்கள் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். வண்டி பாதிதான் எரிந்தது. அந்த அம்மாவுக்கு இரண்டு காலும், முழங்கால் வரைக்கும். தையல் மிஷின் மிதிக்கிற கால்.

ஏப்ரல் 18

கொழுந்தன் விடிவதற்குள் பையோடு கிளம்பிவிட்டான்.

இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "உனக்கும் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"மார்ச்லேர்ந்து. உங்களுக்கு?"

 "யாரு கேட்டாலும் தம்பி மேல சொல்லு" என்றார். சரி என்றேன். கல்யாணமான இந்தப் பதினொரு வருஷத்தில் நாங்கள் சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வந்தது இன்றைக்குத்தான்.

ஏப்ரல் 20

சோறு இறங்கவில்லை. இவர் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மே 2

ஒர்க்‌ஷாப்பில் கூட்டம் தாங்கவில்லை. புது ரப்பர் போட்ட வண்டி எதுவும் திரும்பி வரவில்லை. உள்ளேயிருந்து இப்போதெல்லாம் சத்தமே கிடையாது. முதுகைத் துடைக்கப் போனால் என் கையையே பார்க்கிறார். பார்க்கட்டும்.

மே 11

தையல்காரம்மாவின் மகள் பாதி எரிந்த மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மாவால இனிமே மிஷின்ல உக்கார முடியாதாம் அக்கா. நான்தான் துணி வாங்கிட்டு வந்து தைக்கணும். இதை ஓட வைக்க முடியுமா?"

முடியும் என்றேன். சீட், வயர், கார்புரேட்டர் எல்லாம் மாற்றவே சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் பெட்ரோல் டியூப். அது ஐந்து நிமிஷ வேலை.

காசு வேண்டாம் என்றதும் அழுதுவிட்டாள். "அம்மா ஆஸ்பத்திரியில சொல்லிக்கிட்டே இருந்தாங்க அக்கா. அன்னைக்கு மட்டும் நீங்க பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காதுன்னு."

ஆமா என்றேன்.