காத்திருக்க வேண்டாம் என்று சொன்னவன்

என் டிரைவர் நைனாவுக்கு,

உன் பெரியவன் சாமு எழுதுகிறேன். இங்கிலாந்திலிருந்து இல்லை, சித்தூரிலிருந்து. நம் வீட்டுக் கூடத்தில், நீ பேப்பர் படிக்கும் நாற்காலியை விட்டுவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். நேற்று கிறிஸ்மஸ். நீ போய் ஐந்து வாரம் ஆகிறது. பிள்ளைகள் இரண்டும் அசந்து தூங்குகின்றன. உன் மருமகள் மெர்சி துணி மடிக்கிறாள். அம்மா அடுப்படியில் இருக்கிறாள்.

நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எல்லோருக்கும் தெரியும், உனக்குத்தான் தெரியாது.

நீ போன அன்று காலையில் அம்மா போன் செய்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, கணக்காகத்தான் பேசினாள். "ஐஸ் பெட்டி சொல்லிட்டோம் சாமு. நீ வர்ற வரைக்கும் வெச்சிக்கலாம்னு பாஸ்டர் சொல்றாரு. எப்போ வர்ற?"

நான் சொன்னேன், "எனக்காகக் காத்திருக்க வேணாம்மா. நாளைக்கே எடுத்துடுங்க."

காரணங்களும் அடுக்கினேன். வந்து சேர இரண்டு நாள் ஆகும், பண்டிகைக்கு நாலு பேருக்கும் டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று, அதை மாற்ற முடியாது, ரூத்துக்குப் பள்ளிக்கூடம், ஆரோனுக்குச் சளி. அப்போது ஒன்றுகூடப் பொய்யாகத் தெரியவில்லை. ஆனாலும் அத்தனையும் சாக்கு. வேலை செய்யும் இடத்தில் நான் வாய் திறப்பதற்கு முன்பே "போய் வா" என்று லீவு கொடுத்துவிட்டார்கள்.

உண்மை என்னவென்றால், எனக்குப் பயமாக இருந்தது நைனா. உன்னை அந்தப் பெட்டியில் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு நீ இருப்பதாக நினைத்துக்கொள்ள வழியே இருக்காது. பார்க்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை வரும், போன் அடிக்கும் என்று கொஞ்ச நாள் ஏமாற்றிக்கொள்ளலாம். நாற்பது வயதுக்காரனுக்கு இப்படி ஒரு புத்தி.

இதில் கேவலம் என்னவென்றால் என் பிழைப்பே அதுதான். முதியோர் இல்லத்தில் நர்ஸ். எத்தனையோ பேருடைய அப்பாக்களுக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், முகம் மழித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டுவிட்டிருக்கிறேன். அந்த ஊரில் அடக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஒரு பெரியவருடைய மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார்கள். அவன் வந்ததும் அவன் தோளைத் தட்டி, "உங்களுக்காகத்தான் காத்திருந்தார்" என்று சொன்னவன் நான்.

உன் அடக்கத்தைப் போனில் பார்த்தோம். தங்கச்சி வீட்டுக்காரர் பலமனேரிலிருந்து வந்து, முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார், பாவம். எங்களுக்குக் காலை நேரம், சனிக்கிழமை. ரூத் என் மடியில் இருந்தாள். உன் காலைப் பார்த்துவிட்டு, "தாத்தா ஏன் ஷூ போட்டுத் தூங்குறாங்க?" என்று கேட்டாள். பஸ் ஓட்டிய காலமெல்லாம் செருப்பிலேயே காலத்தைத் தள்ளியவன் நீ. யார் போட்டுவிட்டார்கள் அந்த ஷூவை? உனக்குக் கடித்திருக்குமே.

அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. போன் செய்தால் தங்கச்சி கையில் கொடுத்துவிடுவாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நீ திட்டும் ஆள், உனக்குத் தெரியும், திட்டு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அம்மாவிடம் அப்படி இல்லை.

வந்து இறங்கிய அன்று பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள், மெர்சியின் கன்னத்தைத் தடவினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக நான் படியேறினேன். அம்மா ரூத்தைப் பார்த்து, "உங்கப்பன கை கால் கழுவிக்கினு வரச் சொல்லு" என்றாள்.

அதோடு ஆரம்பித்தது. எல்லாம் பிள்ளைகள் வழியாகத்தான். "உங்கப்பன் துன்னுட்டானான்னு கேட்டுக்கினு வா." "சுடுதண்ணி வெச்சிகீதுன்னு சொல்லு." இரண்டு அடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். ரூத் ஓடிவந்து தனக்குத் தெரிந்த தமிழில் பாதியும் இங்கிலீஷில் பாதியுமாகச் சொல்வாள். அவர்களுக்கு இது ஆயா கண்டுபிடித்த ஏதோ விளையாட்டு. மெர்சி மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள்.

பிள்ளைகளுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தது வேறு. அங்கே எங்கள் கிறிஸ்மஸ் எப்படி என்று உனக்குத் தெரியுமே. இருபத்தைந்தாம் தேதியில் வராது, எனக்கும் மெர்சிக்கும் ஒரே நாளில் லீவு விழும்போதுதான் வரும். ஒரு வருஷம் இருபத்தெட்டு, இன்னொரு வருஷம் இருபத்திரண்டு. "இன்னாடா இது, ஏசு சாமி உன் டூட்டி பாத்துக்கினா பொறக்கணும்?" என்று நீ போனில் கத்துவாய். கத்திவிட்டு, அன்றைக்கும் வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்காருவாய். எங்களுக்குத் தெரிவது உன் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான். அந்த ஃபேனுக்கு ஆரோன் கையசைப்பான். பிறகு நீ பஸ் எடுப்பாய். ரூத் கண்டக்டர், "ரைட் ரைட்" சொல்லுவாள். சோபாவிலேயே சித்தூரிலிருந்து திருப்பதி போய்ச் சேருவோம்.

இந்த வருஷம் நிஜ தேதியில், நிஜ சித்தூரில், தாத்தாவோடு என்று சொல்லி வைத்திருந்தேன். ஸ்டார், பாட்டு, புதுத்துணி, முறுக்கு என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தேன். வந்து பார்த்தால் துக்க வீடு. ஸ்டார் ஏற்றவில்லை, பலகாரம் சுடவில்லை. கேரல் பாட வந்தவர்கள்கூட டிரம்மைத் தெருமுனையில் வைத்துவிட்டு வந்து, ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். ரூத் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்பா, இங்கேயும் கிறிஸ்மஸ் வேற நாளா?" என்று கேட்டாள்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வருஷா வருஷம் நம் வீட்டிலிருந்து அவர்களுக்குத் தட்டு போகும், இந்த வருஷம் அவர்கள் வீட்டிலிருந்து வந்தது. "பண்டக பூட்ட பில்லலு ஊரிக்கே உண்டகூடது" என்று சொல்லி, பண்டிகை நாளில் பிள்ளைகள் வெறுமனே இருக்கக்கூடாது என்று, ஒரு தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்து வைத்தார்கள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அதில் ஒன்றை எடுத்து ஆரோன் கையில் கொடுத்து, "உங்கப்பனுக்கு" என்றாள். அவன் வரும் வழியிலேயே பாதியைத் தின்றுவிட்டான்.

இருபத்துமூன்றாம் தேதி, தாத்தா போன ரோட்டில் போகணும் என்று ரூத் ஒரே பிடிவாதம். திருப்பதி பஸ்ஸில் ஏறினோம். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். மெர்சியும் நானும் கடைசியில். சந்திரகிரிக் கோட்டை வந்ததும் அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டினாள். அவ்வளவு நாளில் அன்றுதான் அம்மா சிரித்துப் பார்த்தேன், அதுவும் பின்னாலிருந்து, பாதி முகம்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். தெலுங்கில் உன்னைப் பற்றிக் கேட்டார், விஷயம் தெரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருஷம் முதல் டீ உனக்குத்தான் கொடுத்தாராம். டிரைவரின் பேரப்பிள்ளைகளா என்று இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். நான் யாரென்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் ஆரோனுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்கப்பன கேட்ட சாத்தச் சொல்லு" என்று அம்மா சொன்னதும், "அப்பா இங்கதான் இருக்காங்க, நீயே சொல்லு ஆயா" என்றான்.

அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னாள், "உங்கப்பனுக்கு தூரத்துல இருந்து சொன்னாத்தான் கேக்கும்."

நான் போய் கேட்டைச் சாத்தினேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வந்து ஐந்து நாளாகியும் நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை. அசதி என்றேன், ஆரோனுக்கு வயிறு சரியில்லை என்றேன். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. அம்மா வா என்று சொல்லவுமில்லை, ஏன் போகவில்லை என்று கேட்கவுமில்லை.

நேற்று விடியற்காலை ஆராதனைக்குப் பழைய துணியிலேயே போனோம். முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் கை கொடுத்துக்கொண்டிருக்க, அம்மா ரூத்தைக் கூப்பிட்டாள். "நான் தாத்தாகிட்ட போய்க்கினு கீறேன். உங்கப்பன் வர்றதுன்னா வரட்டும்."

போனேன் நைனா. பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள்.

சுற்றிலும் இருக்கும் கல்லறையெல்லாம் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவத்தி ஏற்றி இருந்தது. உன்னுடையது மட்டும் வெறும் மண்மேடு. மழையில் நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. என்னைக் கேட்டால் அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து வாரம் ஆகிறது, பண்டிகைக்குள் கட்டி முடிக்க ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையா? ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அம்மா மெழுகுவத்தியைக் கீழே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளை இல்லை, என்னை.

"சாமு. மண்ணு போடு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பெட்டி இறங்கியதும் பெற்ற பிள்ளைகள் மூன்று பிடி மண் போடுவோமே, அதைத்தான் சொல்கிறாள் என்று புரிய நேரமாயிற்று.

"மேஸ்திரி மூணு தடவ வந்துட்டான். பண்டிகைக்கு முன்ன கட்டிடலாம்மான்னான். எம்புள்ள இன்னும் மண்ணு போடல, நீ தொடாதன்னு அனுப்பிட்டேன். உன் தங்கச்சிகூட சண்ட போட்டா. காத்திருக்க வேணாம்னு நீ சொன்ன. நான் கேக்கணுமா?"

அங்கேயே மண்டி போட்டேன். ஒரு பிடி. இரண்டாவது பிடியில் அழுகை வந்துவிட்டது, ஐந்து வாரமாக வராத அழுகை. என் பிள்ளைகள் நான் அழுது பார்த்ததில்லை. ரூத் வந்து என் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள், நான் மூன்றாவதைப் போட்டேன். மன்னித்துவிடு நைனா என்று சத்தமாகவே சொன்னேன். உனக்குக் கேட்டதா?

பிறகு ரூத் போட்டாள், மெர்சி போட்டாள். ஆரோன் மூன்றோடு நிறுத்தவில்லை, குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரி வாரிப் போட்டுக்கொண்டே இருந்தான். மெர்சி அவனைத் தூக்கப் போனாள். "வுடு, போடட்டும்" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், ரோடு மேடு பள்ளமாக இருக்கிறதாம். பாதி வழியில், "காலீல ஒண்ணும் குடிக்கல இல்ல நீ?" என்றாள். இல்லை என்றேன்.

நைனா, மேஸ்திரி திங்கட்கிழமை வருகிறான். மெர்சியும் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் திறக்கும் முன் கிளம்புகிறார்கள். நான் என் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன். மாற்ற முடியாது என்று சொன்ன அதே டிக்கெட்தான், ஒரு போனில் மாறிவிட்டது. கல்லறை கட்டி, தண்ணீர் ஊற்றி, காய்ந்து, உன் பெயரை எழுதி முடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன்.

அம்மாவை எங்களோடு கூட்டிப் போகலாம் என்று கேட்டுப் பார்த்தேன். மாட்டாள். ஆகவே ஒரு நாள் மறுபடியும் எனக்கு அப்படி ஒரு போன் வரும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரியான நேரத்துக்கு வந்து நிற்பேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவன் அப்படிச் சொன்னால் அது பொய். இதை மட்டும் சொல்கிறேன். "எப்போ வர்ற?" என்று அன்றைக்கு யார் கேட்டாலும், "வந்துகினே கீறேன், இருங்க" என்பேன்.

உன் மூத்த பிள்ளை,
ரூத்துக்கும் ஆரோனுக்கும் அப்பா,
சாமு